இருநூறு ரூபாய் காபி

மத்தியானம் கோயில் அன்னதானத்தில் சோறு போடுவேன். சாயங்காலம் ரமணாசிரமம் பக்கம் காபிக் கடைகளுக்குப் பால் ஊற்றுவேன். அதனால்தான் அந்தக் காலேஜ் பெண் என்னிடம் மாட்டினாள். ஒல்லி உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி. தினமும் பந்தியில் இலையை வழித்துச் சாப்பிடுவாள். கை கழுவியதும் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கிளம்புவாள்.

ஒருநாள் வெள்ளைக்காரர்கள் உட்காரும் கடையில் அவளைப் பார்த்தேன். எதிரில் இருநூறு ரூபாய் காபி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, அங்க ஓசிச் சோறு, இங்க இருநூறு ரூபா காபியா?"

"கத்தாதீங்கண்ணா. மெஸ் காச மிச்சம் புடிச்சு மாசத்துக்கு ஒருவாட்டிதான் வரேன்."

"அப்படி என்ன இருக்கு இந்தக் கஷாயத்துல?"

"கஷாயம் நல்லாவே இல்லண்ணா. ஊர்ல, ஹாஸ்டல்ல, பஸ்ல எங்க உக்காந்தாலும் யார் வீட்டுப் பொண்ணு, எப்ப கல்யாணம்னு கேக்கறாங்க. இங்க மட்டும்தான் என்ன வேணும்னு கேக்கறாங்க."

திட்ட வந்தவன் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இருந்தாலும் இருநூறு ரூபாய் கொள்ளைதான்.

மறுநாள் பந்தியில் அவள். பெயரைக் கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். வழக்கமாக யாரையும் கேட்காமல் சோற்றைத் தள்ளிவிட்டுப் போகிறவன், அன்று வாளியோடு நின்றேன்.

"என்னம்மா வேணும்?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிரித்தாள். "சோறுதாண்ணா. ஜாஸ்தியா."