காளை தேர்ந்தெடுத்த கேமரா

மாதக்கணக்கில் ஒரே குழப்பம். என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குப் பதில் புது டிஎஸ்எல்ஆரே வாங்குவதா, மிரர்லெஸ்ஸுக்குத் தாவுவதா?

இன்று வேலந்தாவளம் சந்தையில் ஒரு விவசாயி தன் காளையைப் படமெடுத்துத் தரச் சொன்னார். பொள்ளாச்சியில் காளை வாங்க நினைக்கும் ஒருவருக்கு அனுப்ப வேண்டுமாம். படம் அவருக்குப் பிடித்திருந்தால்தான் நேரில் வருவாராம்.

"காது நிமிர்ந்து நிக்கோணுமுங்க."

நிமிர்ந்துதான் நின்றது. என் கேமரா 'டக்' என்றதும் வெடுக்கென்று திரும்பிக்கொண்டது. எடுத்த படத்திலெல்லாம் வால்தான்.

கூட வந்த தோழி தன் மிரர்லெஸ்ஸைக் கொடுத்தாள். அழுத்தினேன். சத்தமே இல்லை, காளையும் அசையவில்லை.

"எப்பங்க எடுப்பீங்க?" என்றார் விவசாயி.

"எடுத்தாச்சுங்க."

படம் பார்த்த பொள்ளாச்சிக்காரர் கிளம்பிவிட்டார். நானும் முடிவெடுத்துவிட்டேன், மிரர்லெஸ்தான்.

என் பழைய லென்ஸெல்லாம் அதில் பொருந்துமா என்று மட்டும் காளை சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.