தாலியில் இருக்கிற புறா

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் தாலியில் ஒரு புறா இருக்கும். பரிசுத்த ஆவியின் அடையாளம். அக்கா அதை அணிந்துகொண்டுதான் இங்கே பிரெஞ்சு பேசும் மாகாணத்து லொங்குய் நகரில் ஓர் அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகப் படிப்பித்தாள். ஆசிரியர்கள் மதச் சின்னம் அணியக்கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது வெறும் பறவை. நிரந்தர வேலை தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

பள்ளி விழாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அக்காவின் பறவை வடிவாக இருக்கிறது என்று தலைமையாசிரியை சொல்ல, அம்மா தனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களையெல்லாம் திரட்டி, அது பரிசுத்த ஆவி, ஆயரே ஆசீர்வதித்துத் தந்தவர் என்று பெருமையாக விளக்கினார். தலைமையாசிரியையின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்த வாரம் அக்காவைக் கூப்பிட்டார். தாலியைக் கழற்ற வேண்டும், அல்லது அது வெறும் நகை, அம்மா பிழையாக விளங்கிக்கொண்டார் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் வேலை அவளுக்குத்தான். இதைச் சொன்னவரின் விரலில் கோயிலில் பாதிரியார் மந்திரித்த கல்யாண மோதிரம் இருந்தது. அது சின்னம் இல்லையாம்.

நான் மெட்ரோவில் இருந்தபடி அந்தச் சட்டம் பற்றிய மேன்முறையீட்டுத் தீர்ப்பைப் படித்தேன். குறித்துக்கொண்டவை இவை. ஒன்று, உரிமைகள் எப்படியிருந்தாலும் இந்தச் சட்டம் நிற்கும் என்று அறிவிக்க அரசியலமைப்பே சட்டசபைக்கு இடம் கொடுக்கிறது. இரண்டு, சட்டசபை அப்படி அறிவித்துவிட்டது. மூன்று, ஆகவே யாருடைய உரிமை பறிபோகிறது என்று நீதிபதிகள் பார்க்கத் தேவையில்லை. நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை செய்கிறவள். எழுதியிருப்பது தெளிவாக இருக்கிறது, ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று நான் சொன்னால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்புவார்கள். இதே நாட்டு நீதிமன்றங்கள்தான் வேறு வழக்குகளில் அரசியலமைப்பைக் காலத்தோடு வளரும் மரம் என்கின்றன. மரம் எங்கே வளரும், எங்கே வளராது என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மாமா, ரோல்ஸைக் கடித்தபடி எனக்கு விளக்கம் சொன்னார்.

"நீதவான்மார் அரசியல் செய்யக்கூடாது பிள்ளை. எழுதிக் கிடக்கிறதைத்தான் வாசிக்கலாம்."

"அங்கை எங்கடை நாட்டிலையும் நீதவான்மார் இதைத்தானே மாமா சொன்னவை? அதாலைதானே நீங்கள் பிளேன் ஏறி இங்கை வந்தனீங்கள்?"

மாமா பிறகு தேநீரைப் பற்றி மட்டுமே கதைத்தார்.

குசினி வாசலில் நின்ற அம்மா அக்காவைப் பார்த்தார். "நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

"ஒண்டும் பிழையில்லை அம்மா. நீங்கள் சொன்னது சரி."

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடமும் அக்கா அதையேதான் சொன்னாள். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. நீதிபதிகள் பார்க்க மாட்டோம் என்று ஒதுக்கிய கேள்விக்கு அக்கா சம்பளத்தை விட்டுப் பதில் சொன்னாள். சட்டம் என்னைக் கட்டுப்படுத்துகிறது, நான் என்ன செய்ய, என்று தலைமையாசிரியை கவலைப்பட்டாராம். எல்லோரையும் ஏதோ ஒன்று கட்டுப்படுத்துகிறது. வேலை போனது அக்காவுக்கு மட்டும்தான்.

அக்கா இப்போது தாலிக்கொடியைக் கோட்டுக்கு வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வேலை தேடுகிறாள். அம்மாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர் ஆசிரியை இல்லை. ஆனாலும் முக்குக் கடையில் பால் வாங்கப் போகும்போதுகூடத் தன் தாலியைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொள்கிறார்.