அப்பா துளை போட்ட சந்தன மரங்கள்

மரத்தூளை மோந்து பார்க்கும்போது அப்பா கண்களை மூடிக்கொள்வார். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைத் தூளை வைத்து, கட்டை விரலால் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோய், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நிற்பார். கோயிலில்கூட அந்த முகத்தில் அவ்வளவு பக்தியை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் அக்கா கை நிறையப் பசுஞ்சாணியை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அப்பா கண்ணைத் திறந்து, "வெள்ளைதான் புள்ள. இன்னும் வைரம் பாயல" என்பார். அக்கா குனிந்து, அவர் மரத்தில் போட்ட துளையைச் சாணியால் அடைப்பாள். அவளுக்கு அந்த வருடமும் கல்யாணம் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் ஊர் கர்நாடகத்தில், மார்டள்ளிப் பக்கம். மழையை நம்பிய காட்டில் ராகியும் அவரையும் போட்டுக்கொண்டிருந்த அப்பா, சொந்த நிலத்தில் சந்தனம் வளர்க்கலாம் என்று கேள்விப்பட்டதும் காடு முழுக்க சந்தனக் கன்று நட்டுவிட்டார். அப்போது அம்மா செத்துப்போயிருந்தாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தது அவள். சந்தனம் தன் வேரை மற்றச் செடியின் வேரில் நுழைத்து உறிஞ்சித்தான் வளரும் என்பதால், ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் துவரை ஊன்றிக் காப்பாற்றியதும் அவள்தான். "மரத்துக்கு வைரம் பாயட்டும், ஊரே மூக்கு மேல விரல் வைக்கற மாதிரி உன் கல்யாணத்தப் பண்றேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். சந்தனம் முதலில் உள்ளே வெறும் வெள்ளைக் கட்டைதான், வாசனையே இருக்காது. வருடங்கள் போன பிறகே நடுவில் பழுப்பாக வைரம் பிடிக்கும். விலையும் வாசனையும் அதற்குத்தான். அக்கா அந்தப் பேச்சை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள் பாவம், எங்கள் வீட்டில் வேறு யார் அவளுக்கு வாக்குக் கொடுத்தார்கள்?

நான் நம்பவில்லை. படிப்பு முடிந்து வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை செய்தவரோடு மைசூருக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டேன், அதனால் பிழைத்தேன். அப்பா என்னைத் தலை முழுகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் மஞ்சள் பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். மனம் இளகிவிட்டதாக்கும் என்று ஒரு நிமிடம் நானும் உருகித்தான் போனேன். விஷயம் வேறு. சொந்தமாக மரக்காடு வைத்திருக்கிறவர்களுக்கு மைசூரில் பருவத்துக்குப் பருவம் பயிற்சி முகாம் நடக்க ஆரம்பித்திருந்தது. தங்க இடம் வேண்டும். லாட்ஜுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, மகளை மன்னித்துவிட்டார்!

மழைக்கு முன்னால் குழி எடுப்பது, மழை நின்ற பின் துணைச் செடிகளைக் கவாத்து செய்வது, கோடையில் சருகைக் கூட்டித் தீ பரவாமல் தடம் வெட்டுவது என்று ஒவ்வொரு முகாமிலும் ஒரு பாடம். அப்பா ஒன்றையும் தவறவிட்டதில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து, தெரிந்த பதிலையே கேள்வியாகக் கேட்டுப் பேர் வாங்குவார். சொல்லிக்கொடுத்த வேலைகளை ஊருக்குப் போய் அக்கா செய்வாள். ஒரே ஒரு பாடத்தை மட்டும் அப்பா காதில் வாங்கவே மாட்டார். "தயவு செய்து மரத்தில் துளை போட்டுப் பார்க்காதீர்கள், அந்த வழியாக அழுகல் இறங்கும், சாணி வைத்து அடைத்தால் இன்னும் மோசம்" என்று பயிற்சி கொடுத்த அதிகாரி ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துக்கொள்வார். முன் வரிசை தலையாட்டும். வீட்டுக்குப் போனதும் அத்தனை பேரும் துளைப்பானைத்தான் தேடுவார்கள். மரம் வைத்தவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது. அப்பா வருடத்துக்கு ஒரு முறை, ஒரு மரம்கூட விடாமல் துளைத்தார்.

ஒரு முகாமுக்கு அக்காவையும் கூட்டிவந்தார். மத்தியானச் சாப்பாட்டைக் கொடுக்கப் போன நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் அக்கா எழுந்து நின்று, நல்ல கன்னடத்தில், வைரம் பிடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டாள். மண்ணைப் பொறுத்தது, மரத்தைப் பொறுத்தது என்று அதிகாரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா திரும்பி, "அவளுக்குக் கல்யாண அவசரமுங்க சார்" என்றார். "ஏனம்மா, மதுவே அர்ஜெண்டா?" என்று அதிகாரியும் அதே கல்யாண அவசரத்தைக் கன்னடத்தில் வேடிக்கையாகக் கேட்டுவிட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பாவின் சிரிப்புதான் எல்லோருக்கும் மேலே கேட்டது. அக்கா உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அக்காவைக் கேட்டு ஒரே ஒரு நல்ல இடம் வந்தது. கொள்ளேகாலில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குடிக்காதவர், அம்மாவைத் தவிர வேறு யாரும் இல்லாதவர். நகை நட்டு எதுவும் வேண்டாம் என்றார். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. எனக்குப் போன் செய்து, "வேன்ல பசங்கள ஏத்தறப்ப ஒவ்வொருத்தனையும் பேரு சொல்லிக் கூப்புடுவாராம் பாப்பா" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்பா துளைப்பானை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். அக்கா சாணியோடு பின்னால் போனாள். ஒவ்வொரு மரமாகத் துளைத்து, ஒவ்வொரு தூளையும் மோந்து, "எல்லாம் வெள்ளை. வெறுங்கையோட உன்னை அனுப்புனா எனக்குத்தான் கேவலம். இரு" என்றார். அடுத்த வருடமும் அதையே சொன்னார். நான் போனில் சண்டை போட்டேன். "ஓடுகாலி எனக்குப் புத்தி சொல்றயா?" என்று வைத்துவிட்டார். வேன்காரர் பார்த்துப் பார்த்து, வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அக்காவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்தது.

பல வருடங்கள் கழித்து, முகாமில் படிக்கிறவர்களை எல்லாம் வேனில் ஏற்றி அப்பாவின் காட்டைப் பார்க்க அழைத்துப்போனார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சமையலுக்கு ஒத்தாசையாக நானும் அதே வேனில் போனேன். அக்கா வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதிகாரி முதல் மரத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பட்டையைக் கத்தியால் சீவிக் காட்டினார். பழைய துளையைச் சுற்றிக் கறுப்பாக அழுகல். "எதைச் செய்யக் கூடாது என்று சொன்னேனோ, அதை இங்கே பாருங்கள்" என்றார். பின்னால் யாரோ, "இதுல எங்க வைரம் இருக்கப்போவுது" என்று முணுமுணுத்தார்.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. "எவன்யா சொன்னது? எம்மரத்துல வைரம் இல்லயா? வரப்போரத்து மரங்கள்ல வாசம் எப்பவோ வந்துருச்சு!" என்று கத்தினார். சாட்சிக்கு அக்கா பக்கம் திரும்பினார். "ஏ புள்ள, கொள்ளேகால் வேன்காரன் பொண்ணு கேட்டு வந்தானல்லோ, அந்த வருசந்தான? நீ சொல்லு இவிங்களுக்கு."

அக்கா கையில் மோர்ச் சொம்பு இருந்தது. "அந்த வருசம் எல்லாம் வெள்ளைன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

அப்பாவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. மரத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட தெம்பில் இருந்தார். "பின்ன? வந்துருச்சுன்னு சொன்னா நீ பொட்டிய கட்டிருப்ப. அப்புறம் தண்ணி ஊத்தறது ஆரு, எனக்குச் சோறு போடறது ஆரு?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மூன்று பேர் கூடவே சிரித்தார்கள். அதிகாரி சிரிக்காமல் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா மிச்சம் இருந்தவர்களுக்கும் மோரை ஊற்றி முடித்தாள். ஒருவரைக்கூட விடவில்லை. அந்த மனிதரை அங்கேயே, அத்தனை பேர் முன்னால் அடித்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அப்பா என்று பார்க்கவில்லை, இன்று வரைக்கும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அக்கா அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வேளைக்குச் சோறு வைப்பாள், அவ்வளவுதான். முகாம்களுக்கு அவளே தனியாக வர ஆரம்பித்தாள். அழுகிய மரங்களைக் கழித்தாள், மீதியைக் காப்பாற்றினாள். துளைப்பானை என்ன செய்தாள் என்று தெரியவில்லை, அப்பா தேடித் தேடி ஓய்ந்துபோனார். என் வீட்டுக்கு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "நான் வளத்த மரம். அத உட்டுட்டு நான் எதுக்கு வாறேன்?" என்றாள்.

போன கோடையில் அப்பா போய்ச் சேர்ந்தார். பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா அக்காவிடம் வந்து, "சந்தனக் காடே வெச்சிருந்த மனுசன். சிதையில ஒரு துண்டு சந்தனக் கட்டை வெக்கலீன்னா நல்லாருக்காது கண்ணு. ஒரு கிளையாவது வெட்டிட்டு வரச் சொல்றேன்" என்றார். ஒரு துண்டாவது வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாதவர்கள்கூட எங்காவது கேட்டு வாங்கி வைப்பார்கள். சுற்றி நின்ற பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"பர்மிசன் வாங்காம சந்தனத்துல கத்தி வெக்கக் கூடாதுங்க சித்தப்பா. முகாம்ல சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் அக்கா.

"அது உன்னப் பெத்த அப்பன், புள்ள!"

"ஆமாங்க" என்றாள்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எங்கள் காட்டை ஒட்டிய சுடுகாட்டில் புளியங்கட்டையும் வறட்டியும் வைத்து அப்பாவை எரித்தார்கள். பெண்களோடு நானும் வீட்டிலேயே நின்றுவிட்டேன். காட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தபோது அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, தீப்பொறி பறந்து வந்தால் பற்றிக்கொள்ளாமல் இருக்க, மரங்களுக்கு அடியில் கிடந்த சருகையெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தாள்.