கவிதா செய்த கூடைப் பொம்மை

மைதாப் பசை காய்ச்சும் புளிப்பு வாசனை... அதோடு பக்கத்து ஃபேக்டரியில் தேயிலை காயும் வாசனை. பங்குனி மாத மத்தியானம் என்றாலே எனக்கு இந்த இரண்டும் கலந்துதான் மூக்கில் ஏறும்.

நீலகிரியில் கட்டபெட்டு பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னத் தொடக்கப் பள்ளி. நானும் ஹெச்.எம். சாரும்தான் மொத்த ஸ்டாஃப். கோயமுத்தூரிலிருந்து வேலைக்கு வந்த புதிது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் நடுங்குவதைப் பார்த்து, மெல்லிசுச் சட்டையில் நிற்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள்.

தினமும் காலையில் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முனையில் ஒரு மஞ்சள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். கோத்தகிரி இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் வேன். எங்கள் பெஞ்சிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"ஜூன்ல புதுசா ஆளு சேரலைன்னா பள்ளிக்கூடத்தப் பூட்டிருவாங்க டீச்சர். ஏதாச்சும் பண்ணோணுமுங்க" என்றார் ஹெச்.எம். சார்.

அந்த வேன் ஸ்கூலில் 'ஸ்பிரிங் எக்சிபிஷன்' வைப்பார்களாம். சார்ட்டில் பனி உருகுமாம், பேர் தெரியாத சீமைப் பூவெல்லாம் பூக்குமாம். சரி, நாமும் வைத்துவிடுவோம் என்று கிளம்பினோம். கலர் பேப்பருக்கு வழியில்லை. அதனால் என்ன? வாசலைத் தாண்டினால் எல்லாம் கொட்டிக் கிடக்கிறதே!

சில்வர் ஓக் இலையைத் தாளுக்கு அடியில் வைத்து மேலே க்ரேயானால் தேய்த்தோம். ஜகரண்டாப் பூவைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து நசுக்கினோம். கணக்குப் புத்தகம் முழுக்க ஊதாக் கறை... யாரும் யாரையும் திட்டவில்லை.

கடைசியில் ஒரு டீ எஸ்டேட்டே செய்தோம். களிமண்ணில் மலை, பாசியில் தேயிலைச் செடி. ஆளுக்கொரு இலை பறிக்கும் பொம்மை. தலைக்குத் தேயிலைக் கொட்டை, முதுகுக் கூடைக்கு யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய் மூடி.

மூன்றாம் வகுப்புக் கவிதா செய்த பொம்மை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வாயே திறக்காத பிள்ளை. அவள் அம்மா மல்லிகா மேல் தோட்டத்தில் இலை பறிப்பவர். கவிதாவின் பொம்மைக்கு இடுப்பில் பாலிதீன் துண்டு, தலையில் சிவப்புத் துணி. கூடைக் கயிறு நெற்றியில் அழுந்தும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்கூட இருந்தது. பச்சை இலையைக் கசக்கி, குச்சி விரல்களில் மட்டும் கறை ஏற்றியிருந்தாள்.

இதைப் பார்த்தால் எந்த அம்மா பிள்ளையை வேனில் ஏற்றுவாள் என்று நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

எக்சிபிஷன் அன்று சாயங்காலம், இலை எடை போட்ட கையோடு எல்லோரும் வந்தார்கள். மல்லிகா அந்தப் பொம்மை முன்னால் வந்து நின்றார்.

"இது யாரு செஞ்சதுங்க டீச்சர்?"

"உங்க கவிதாதானுங்க. அப்படியே உங்களாட்டவே இருக்குது பாருங்க!"

குனிந்து பொம்மையின் விரல்களைப் பார்த்தார். பிறகு கறை படிந்த தன் விரல்களைப் புடவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"என்ற புள்ள கூடையத் தொடவே கூடாதுன்னுதானுங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன்... இங்கயும் கூடைதானுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரி கேட்டார். பக்கத்தில் நின்ற மற்ற அம்மாக்களும் தலையாட்டினார்கள். கவிதா மெதுவாக எட்டி, கூடை வெளியே தெரியாதபடி பொம்மையைத் திருப்பி வைத்தாள்.

ஜூன் வந்தது. மஞ்சள் வேன் ஜன்னலில் கவிதாவின் முகம். எனக்குக் கை காட்டினாள். எங்கள் ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் ஒருவரும் இல்லை. அந்த வருஷமே பள்ளியைப் பூட்டினார்கள். களிமண் மலை, பாசி, பொம்மைகள்... எல்லாம் அலமாரி மேலேயே நின்றுவிட்டன. என்னை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

மல்லிகா கேட்டதில் என்ன தப்பு? எந்தத் தப்பும் இல்லை. கவிதா செய்ததிலும் இல்லை. எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன, இப்போது நான் ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் இருக்கிறேன். சீசனுக்கு வருகிறவர்கள் இலை பறிக்கும் பொம்மையைக் கடையில் வாங்கிப் போகிறார்கள். எதிர் வீட்டுக் குழந்தைக்கு 'ஸ்பிரிங் கிராஃப்ட் கிட்' கூரியரில் வருகிறது. காய்ந்த இலைகூடப் பாக்கெட்டில் போட்டு வருகிறது.

போன வாரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மல்லிகாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. விரலில் அதே கறை.

"கவிதா எப்படி இருக்காளுங்க?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. அடுத்த வருசமே வேனுக்கு ஃபீஸ் கட்ட முடியலைங்க டீச்சர். திருப்பி நம்ம பள்ளிக்கூடத்துக்கே அனுப்பலாம்னு பாத்தா... அதத்தான் பூட்டிட்டாங்களே. பஸ்சுல அலைஞ்சு அலைஞ்சு எட்டாவதோட நின்னுட்டா."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர்... அவ செஞ்ச அந்தப் பொம்ம உங்ககிட்ட இருக்குதுங்களா? இருந்தாக் குடுங்க. ஊட்ல வெச்சுக்கறேன்."

அந்தப் பள்ளிக்கூடத்தை வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கூரை இறங்கி, உள்ளே லாண்டனா புதர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

"தேடிப் பாக்கறேனுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது.