இடது கன்னத்துத் தழும்பு

கிர்ர்ர் என்று ஓர் இழுப்பு, நடுவில் ஒரு திணறல், மறுபடியும் இழுப்பு. போன வாரம் அடையாள அட்டையை நகலெடுக்க ஒரு கடையில் நின்றிருந்தேன். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் ஊர்ந்து போகும் அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், கால் அங்கே நிற்கவில்லை. அட்டையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு கடை வாசல் நடைபாதையான அஞ்சடிக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். வெயில், டாக்சி, மல்லிகைப்பூ, வறுத்த கடலை, எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. எனக்குத்தான் வேறொரு வருஷம் வந்துவிட்டது. அந்தச் சத்தம் ஒருமுறை என் தங்கையின் முகத்தை விழுங்கியிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீடு கிள்ளானில், வேலை பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில். அச்சகத்துக்கு மேல்மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. கம்ப்யூட்டரில் படம் திருத்துவதை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்ததே தான்தான் என்று அதன் முதலாளி சொல்லிக்கொள்வார். அந்த எந்திரத்துக்கு விபூதி, குங்குமம் எல்லாம் வைத்திருந்தார். ஏசி அதற்காகத்தான், நமக்காக இல்லை. நாம் வியர்த்தாலும் அது வியர்க்கக் கூடாது.

கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களின் படம்தான் அவருக்குப் பெரிய வியாபாரம். தரகு பார்க்கும் ஆன்டிகள் நேராக அங்கேதான் அனுப்புவார்கள். பெண் சேலை கட்டி வரவேண்டும் என்றுகூட இல்லை. முகம் தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு படம் கொடுத்தால் போதும். அவரிடம் தயாராக ஓர் உடம்பு இருந்தது. அரக்குப் பட்டு, கழுத்தை ஒட்டிய அட்டியல், மடியில் மடித்து வைத்த கை. எந்தக் காலத்தில் எந்தப் பெண் வந்து அப்படி உட்கார்ந்தாளோ, அவள் கழுத்துக்கு மேலே கிள்ளான் பள்ளத்தாக்கின் பாதிப் பெண்கள் வந்து போனார்கள். பொருத்திய முகத்தைக் கொஞ்சம் வெளுப்பார். பரு போகும், மச்சம் போகும், கண்ணுக்குக் கீழே இருக்கிற களைப்பு போகும். ஓவர்டைம் பார்த்த பெண்ணெல்லாம் பத்து மணி நேரம் தூங்கி எழுந்த மாதிரி ஆகிவிடுவாள்.

என் தங்கை கறுப்பு. கன்னத்தோரம், தாடைக்கு இறங்கும் இடத்தில், ஒரு தழும்பு. சின்ன வயதில் வீட்டுக்கு முன்னால் இருந்த சாக்கடைக் கல்லில் விழுந்தது. போட்டோ எடுக்கிறார்கள் என்றாலே யாராவது ஒருவரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களில் அவள் ஒரு காதாகவும் பின்னலாகவும் பாதி நெற்றியாகவும்தான் இருந்தாள். எப்படியோ ஒரு கல்யாணத்தில் முழு முகமும் விழுந்துவிட்ட படம் ஒன்றே ஒன்று. அதைத்தான் அம்மா எடுத்துக் கொடுத்தாள். ஸ்டூடியோக்காரர் அதை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து மூடினார். கிர்ர்ர். வெளிச்சம் ஊர்ந்தது. இரண்டு நாளில் அட்டியல் போட்ட ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மா அந்தப் படத்தைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று யாருக்கோ பதில் சொல்வதுபோலச் சொன்னார்.

காப்பாரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாட்டசாட்டமான பெண்மணி. வாய் நிறையச் சிரிப்பு. தங்கை தட்டோடு வந்து நின்றதும் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், பிறகு கைப்பையைத் திறந்து இன்னும் இரண்டு படங்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்று பெண்கள். ஒரே சேலை, ஒரே அட்டியல், ஒரே கை.

"கோவிச்சுக்காதீங்க லா. இந்த அட்டியல நான் மூணு வீட்டுல பார்த்துட்டேன். மூணாவது வீட்டுலயாச்சும் அந்தப் பொண்ணு இருக்குமான்னு வந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நாங்களும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது. அவள் எங்களைவிட நன்றாகச் சிரித்தாள். அவர்கள் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் வேலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவள் வேலை செய்த பேக்டரியில் கேட்டால் போன வாரமே நின்றுவிட்டாளே என்றார்கள். ஆல்பத்தைத் திறந்தால், அவள் இருந்த இடத்தில் எல்லாம் நாலு மூலை ஒட்டு மட்டும் இருந்தது. அந்தக் கல்யாணப் படமும் இல்லை. அட்டியல் போட்ட பெண்ணை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

போலீசில் படம் கேட்டார்கள். இருந்ததைத்தான் கொடுத்தோம். மேசையில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, நடிகையா என்று மலாயில் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அப்பா அந்த நாற்காலியில் குறுகிப்போனார். லோரியை ஓட்டிக்கொண்டு தைப்பிங்வரை ஒரே மூச்சில் போகிற மனிதர், அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாதவர்போல என் பின்னால் நடந்து வந்தார்.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு ஓடினேன். பழைய முகத்தைக் கொடுங்கள் என்றேன். ஸ்கேன் பண்ணியது இருக்குமே, திருத்துவதற்கு முன்னால் இருந்தது. அவர் தேடவே இல்லை.

"பழசு எதுக்கு பாஸ்? நல்லா வந்தப்புறம் அதுமேலயே சேவ் பண்ணிடுவேன். கம்ப்யூட்டர்ல இடம் எங்க இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை. உட்காருங்க, திரும்பக் கொண்டுவந்துடலாம் என்றார். நானும் நம்பினேன். கூட்டிய வெளுப்பைக் குறைத்தால் கறுப்பு வரவேண்டும் அல்லவா? வரவில்லை. சாம்பல் வந்தது. இன்னும் குறைத்தார், நீலம் பாரித்தது. பார்க்கவே பயமாக இருந்தது, செத்தவள் முகம் மாதிரி. நிறுத்துங்க என்று கத்திவிட்டேன். ஒரு பொத்தானில் போனது ஆயிரம் பொத்தானில் திரும்பாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவளுடைய கறுப்பில் வெயில் இருந்தது, பஸ் ஸ்டாண்டில் நின்ற நேரம் இருந்தது, அம்மாவின் கறுப்பும் அப்பாவின் கறுப்பும் கலந்து கிடந்தன. அதைத் திரையில் இருந்த எந்த நிறக் கட்டத்திலிருந்து எடுத்துப் பூசுவது?

கடைசியில் எப்படியோ மண் நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கண்ணுக்குக் கீழே ஒரு நிழல் வைத்தார். தழும்பு எங்கே என்று கேட்டார்.

நான் திரையை நோக்கி விரலை நீட்டினேன். விரல் இரண்டு கன்னத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீடு. ஒரே டிவி, ஒரே பாத்ரூம் கதவைத் தட்டி மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டது. எந்தப் பக்கம்? கண்ணை மூடினால் அட்டியல் போட்ட பெண்தான் வந்து நின்றாள். வழவழவென்று, இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாமல். அந்தப் படம் எங்கள் நினைவுக்குள்ளேயும் புகுந்து துடைத்துவிட்டிருந்தது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த அம்மா, எதிர்நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கித் தன் இடது கன்னத்தைத் தொட்டாள். "இங்க." அவ்வளவுதான். பெற்றவள் தொட்டுக் காட்டிய பிறகு என்ன சந்தேகம்? இடது கன்னத்தில் ஒரு கோடு இழுத்தோம். எங்கள் அச்சகத்திலேயே போஸ்டர் அடித்தேன். கிள்ளான், காப்பார், பந்திங் என்று ஒட்டாத தூண் இல்லை. பசை வாளியோடு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். மளிகைக் கடை, மார்க்கெட், கோயில் வாசல். பார்த்திருக்கீங்களா அண்ணே, பார்த்திருக்கீங்களா அக்கா? எல்லோரும் அக்கறையாகத்தான் பார்த்தார்கள். இல்லப்பா என்றார்கள். சில பேர், பாவம் ஆறுதலாக இருக்கட்டும் என்று, எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அதை நம்பி ஓடி ஓடிப் போய் யார் யார் வீட்டுப் பெண்களையோ பார்த்துவிட்டு வந்தேன். கிள்ளான் ஆற்றில் ஏதாவது மிதக்கிறது என்று யாராவது சொன்னால் அம்மா எழுந்து போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

மழையில் ஊறிப்போன போஸ்டர்களை மாற்ற மறுபடி பந்திங் போனேன். பஸ் ஸ்டாண்டில் மூத்திர வாசத்துக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டியது அப்படியே இருந்தது. கிட்டே போனேன். இடது கன்னத்துக் கோட்டின் குறுக்கே பால்பாயிண்டில் ஓர் அடித்தல். வலது கன்னத்தில், தாடைக்கு இறங்கும் இடத்தில், அதே பேனாவால் ஒரு சின்னக் கோடு. பள்ளிப் பையன்கள் மீசை வரைவார்கள், கொம்பு வரைவார்கள். தழும்பை இடம் மாற்றி வைக்க மாட்டார்கள்.

தூணடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறாள்.

வேலை முடிந்து பேக்டரி பஸ்கள் வரும் நேரம்வரை அங்கேயே இருந்தேன். மூன்றாவது பஸ்ஸிலிருந்து நீலச் சட்டையோடு இறங்கினாள். என்னைப் பார்த்தாள், ஓடவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது கன்னத்தில் அந்தத் தழும்பு. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோழிகள் நாலு பேரோடு ஒரு வீட்டில் இருப்பதாகவும் வேலை பரவாயில்லை என்றும் சொன்னாள். அம்மா சாப்பிடுவதில்லை, வீட்டுக்கு வா என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். சனம் வேடிக்கை பார்த்தது.

"ஒரு வாரமா இந்தப் போஸ்டர் பக்கத்துலதான் பஸ்ஸுக்கு நின்னேன் அண்ணே. ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கல. என்கூட வேலை செய்ற பிள்ளை அதைப் படிச்சுட்டு, பாவம் யார் வீட்டுப் பொண்ணோன்னு என்கிட்டயே சொல்லுது."

அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம், தரகு ஆன்டியை இனி வாசல்படி ஏறவிட மாட்டோம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாள். இப்போது இல்லை என்றாள். எப்போது என்று கேட்பதற்குள் கிள்ளான் பஸ் வந்து நின்று உறுமியது. கண்டக்டர் திட்டத் தொடங்கினார். வாளியை எடுத்து என் கையில் கொடுத்து, முதுகில் கைவைத்து என்னைப் படியேற்றிவிட்டாள். தழும்பை அம்மாதான் இடது பக்கம் காட்டினாள், நாங்களாகப் போடவில்லை என்று படியில் நின்றபடி எதற்கோ சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையைத் தூக்கித் தன் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா சரியாத்தான் காட்டியிருக்காங்க அண்ணே. எதிர்ல உட்கார்ந்து நான் சாப்பிடுறதப் பார்த்தவங்களுக்கு அது இடது பக்கம்தானே. தப்பா சொல்லலன்னு அவங்ககிட்ட சொல்லு. சாப்பிடச் சொல்லு."