பட்டறைக்குத் தீ வைத்தவன்

செட்டிகுளத்துப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர் வீரமணி. போன வருஷம் சத்யா என்ற பெண் எடுத்த சிறிய படமொன்றில் நடித்தார். வயலோரம் வெங்காயத்தைச் சேர்த்து மூடிவைக்கும் கூட்டாளியின் பட்டறையிலிருந்து திருடி விற்றுவிட்டு, அது தெரியாமலிருக்கப் பட்டறைக்கே தீ வைக்கிறவன் வேஷம். படத்தில் பழி வேறொருவன் மேல் விழுகிறது. அவன் சிறைக்குப் போகிறான்.

தீ வைக்கும் காட்சியில் சத்யா காட்டிய இடம் வீரமணிக்குச் சரிப்படவில்லை. "அங்க வச்சா பொகையும், எரியாதும்மா" என்று சொல்லி, காற்று வரும் மேற்குத் தலைப்புக்குப் போனார். மேலே மூடியிருந்த காய்ந்த கரும்புச் சோகையை உருவி அடியில் செருகிப் பற்றவைத்தார். பட்டறை குபீரென்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டபோது செல்லதுரையும் வந்திருந்தார். வீரமணியோடு கூட்டாகப் பயிர் செய்பவர். படத்துக்கு முந்தைய வருஷம் அவருடைய பட்டறை நிஜமாகவே எரிந்தது. யார் வைத்தது என்று இன்னும் தெரியவில்லை.

மறுநாள் நடவு. செல்லதுரை விதை வெங்காயத்தை வண்டியிலிருந்து இறக்காமல் நின்றார்.

"என்னா மாப்ள, ஆளுங்க காத்துக் கெடக்குறாங்க."

"மேக்கால வச்சாதான் எரியும்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? காத்து எங்கேருந்து வருதுன்னு தெரியாதா?"

"எம் பட்டறையும் மேக்கால இருந்துதான் எரிஞ்சிது."

வீரமணி சிரித்தார். செல்லதுரை சிரிக்கவில்லை.

"ஏண்டா, நானா வப்பேன்? அன்னிக்கு அரும்பாவூர்ல எந்தங்கச்சி வூட்டுல…"

அதற்குமேல் ஓடவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போனது அன்றைக்கா, முதல் நாளா? தீயை அணைக்கக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றியது நன்றாக நினைவிருந்தது. அது செல்லதுரை வயலிலா, படப்பிடிப்பிலா என்பதுதான் பிடிபடவில்லை.

"மாரியம்மன் சத்தியமா நான் வைக்கல மாப்ள."

"படத்துலயும் இதத்தான் சொன்ன. எனக்கே நம்பத் தோணிச்சு."

செல்லதுரை வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நடவுக்கு வந்த பெண்களை வீரமணி திருப்பி அனுப்பினார்.

வீட்டில் மனைவி பரிமளா சத்தம் போட்டாள். "வைக்கலன்னு அழுத்திச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். அழுத்தியும் சொன்னேன்."

"அப்ப நம்புற மாதிரி சொல்லிருக்கணும். அம்மாம் பேரு கை தட்டுனாங்களே, இது வரலையா ஒங்களுக்கு?"

வீரமணி அவள் முகத்தையே பார்த்தார். அவள் கேலி பேசுகிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.