மஞ்சள் வாத்து அறையின் பூட்டு

காலை ஐந்தரை மணிக்குப் புதுவாயல் கூட்டுரோட்டில் கம்பெனி வேன் வந்து நின்றபோது, கிரேஸின் தோளில் இரண்டு வயது ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, குழந்தைய தூக்கினு வர்ற? யாருது?" என்றாள் மோனிகா.

"என்னுதுதான்."

வேனில் எல்லாத் தலைகளும் திரும்பின. கார்களுக்கு வயர் கட்டும் அந்தக் கம்பெனியில், ஓராண்டாகக் கிரேஸ் பிள்ளையில்லாதவள். பிள்ளை இருந்தால் வேலை கிடைக்காது என்று ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் முதல் நாளே சொல்லிவிடுவான். அதனால் படிவத்தில் 'இல்லை' என்று எழுதினாள். ஜெனியைத் தொட்டிலில் ஆட்டிய அதே கையால் எழுதினாள்!

ஜெனியைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இளமதி, முந்தின நாள்தான் குடும்பத்தோடு பள்ளிப்பட்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள்.

"வேலைய உட்டுடு கிரேஸ்," என்று அன்றிரவே சொன்னான் கணவன் ஸ்டீவன். "கவர்மெண்ட்டு ஆயிரம் ரூபா மாசாமாசம் வருதுல்ல?"

"அது புள்ள பாலுக்கு ஆவும். நான் ஊட்ல குந்திக்கினா வாடகைய யாரு குடுப்பா, உங்க நைனாவா?"

கம்பெனி கேன்டீனுக்கு எதிரே, கதவில் மஞ்சள் வாத்து வரைந்த அறை ஒன்று உண்டு. 'குழந்தைகள் காப்பகம்' என்று பலகை. சட்டத்துக்காகக் கட்டியது. தாய் என்று ஒருத்தியும் பெயர் கொடுக்காததால், உள்ளே அட்டைப்பெட்டிகள், வெளியே பூட்டு.

கிரேஸ் நேரே அங்கே போய் நின்றாள்; வேனில் வந்த பெண்களும் பின்னால் கூடினார்கள். சூப்பர்வைசர் மோகன்ராஜ் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? குழந்தை இல்லன்னு எழுதிக் குடுத்தல்ல? பொய் சொன்னதுக்கே வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க!"

"தூக்கட்டும் சார். இன்னொரு வாட்டி என் கையால அப்படி எழுத மாட்டேன். ரூமைத் தொறங்க. இல்லன்னா புள்ளைய வச்சிக்கினு கேட்டாண்ட வெயில்ல நிப்பேன்."

"ஒரே ஒரு புள்ளைக்கு ரூமு, ஆயா எல்லாம் வைப்பாங்களா?"

கண்விழித்த ஜெனி வாத்தைப் பார்த்து, "க்வா!" என்றாள்.

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். நர்மதா. கல்யாணமே ஆகவில்லை என்று எல்லோரையும் நம்பவைத்திருந்த நர்மதா!

"எனக்கு ரெண்டு சார்," என்று முன்னால் வந்தாள்.

"எனக்கு ஒரு பையன்," என்றாள் மோனிகா.

"அடிப்பாவி! காலைல என்னையே யாருதுன்னு கேட்டியே!" கிரேஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

பின்னால் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. எண்ணிக்கொண்டிருந்த மோகன்ராஜ் பாதியில் நிறுத்திவிட்டு, ஆபீசுக்குப் போன் போட்டார். சாவி வந்தது. அட்டைப்பெட்டிகளைப் பெண்களே தூக்கி வெளியே வைத்தார்கள்.

மதியம் புதுப் படிவம் வந்தது. 'குழந்தைகள்' என்ற சின்னக் கட்டத்தில், இடம் போதாமல் ஓரம்வரை நீள, மகளின் முழுப்பெயரையும் எழுதிவிட்டுத்தான் கிரேஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.